கேட்டதைக் கொடுத்தவர்

நான் கேட்டதை அந்த ஆள் கொடுத்திருக்கவே கூடாது. அவ்வளவுதான் விஷயம். குற்றம் முழுக்க அவர் மேல்தான். ஒருத்தன் கோபத்தில் வந்து மேஜையைத் தட்டி, இது வேண்டும், அது வேண்டாம் என்று கத்துகிறான். படித்த மனுஷன், ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், 'முடியாது, வெளியே போய்யா' என்று சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தால் போயிருப்பேன். ரெண்டு கெட்ட வார்த்தை பேசிவிட்டுப் போயிருப்பேன். அவர் கொடுத்துவிட்டார். கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் செல்போன்தான், தம்பி. கோவிச்சுக்காதீங்க, எட்டிப் பார்த்துவிட்டேன். இந்த பஸ் சத்தத்தில் காதில் ஒன்றும் மாட்டாமல் படம் பார்க்கிறீர்கள், கீழே எழுத்து ஓடுகிறது. அந்த எழுத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு என்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது. கோயம்புத்தூர் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். அந்த ஆளைப் பார்க்கத்தான் போகிறேன். இன்றைக்கு விடுவதாக இல்லை.

என் பேர் நாச்சிமுத்து. மாட்டுத் தரகு. ஈரோட்டுச் சந்தையில் மீசைக்காரர் எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளை கூட கை காட்டும். நாலாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஊரார் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு நடந்தே போன பயல் நான். இன்றைக்குக் கேரளாவுக்கு லாரி ஏற்றி விடுகிறேன். எவனும் கை தூக்கிவிடவில்லை. ஏமாந்தேன், உதை வாங்கினேன், அப்புறம் ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பேரம் என்று உட்கார்ந்தால் நான் தோற்று எழுந்தது கிடையாது. அதுதான் பாருங்கள், அதுதான் வினை.

எனக்கு ஒரே பிள்ளை. தாரணி. பிறந்ததிலிருந்து காது கேட்காது. வாய் அசைவைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வாள். அவங்க அம்மா பேசினால் பாதிக்கு மேல் புரியும், நான் பேசினால் புரியாது. மீசை உதட்டை மறைக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் படித்த பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மீசையைக் குறைத்துவிட்டு நான் எப்படிச் சந்தைக்குப் போவது? நீங்களே சொல்லுங்கள். அவள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு தினம் நான் அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பாமல் இருந்ததில்லை. எனக்கு டைப் அடிக்க வராது. கூட இருக்கிற பிள்ளை யாராவது கேட்டு எழுதிக் காட்டும். அப்பன் நினைப்பு அவளுக்குத் தெரிய வேண்டுமா இல்லையா?

கல்லூரியை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். பி.காம். அங்கே ஜெனிட்டா என்று ஒரு அம்மா. நாகர்கோவில் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேருக்குமே காது கேட்காதாம், அதனால் பிறந்த வீட்டிலேயே கைப்பேச்சு. தாரணியும் அதை அவரிடம்தான் கற்றுக்கொண்டாள். வகுப்பில் வாத்தியார் பக்கத்தில் நின்று அவர் சொல்வதை அப்படியே கையால் தாரணிக்குச் சொல்வார், தாரணி கையால் கேட்பதை வாயால் வாத்தியாருக்குச் சொல்வார். அதுதான் அவருக்கு வேலை. கணக்கு வாத்தியார் ஒரு தடவை என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். "உங்க பொண்ணு கேக்கற கேள்வியில எனக்குப் பாடமே முடியறதில்லீங்க." எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே பெருமை. நம்ம ரத்தம், விடாது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். நான் நேரத்தோடு போய்விட்டேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன்.

தாரணி எழுந்து நின்று கையை வீசி வீசி என்னவோ கேட்கிறாள். வேகம் வந்துவிட்டால் அவளுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அதுவும் வருகிறது. முன்னால் அந்த ஜெனிட்டா கண்ணை உருட்டி, வாயைக் கோணி, கையை ஆட்டி பதில் சொல்கிறார். பின் பெஞ்சில் ஒரு பயல் தாரணி மாதிரியே கையை ஆட்டிக் காட்டுகிறான். வகுப்பே சிரிக்கிறது.

அதற்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை. தாரணியும் சேர்ந்துதான் சிரித்தாள் என்று அப்புறம் சொன்னார்கள். அந்தப் பயல், லோகித் என்று பேர், அவளிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டிருந்தானாம், தப்பாகச் செய்துவிட்டானாம், அதற்குத்தான் சிரிப்பாம். அப்புறம் தெரிந்து என்ன பிரயோசனம்? ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவனுக்கு யார் அதைச் சொல்வது?

நேராகப் போனேன் அந்த ஆள் அறைக்கு. பேர் சொல்ல மாட்டேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"வாங்க, உக்காருங்க. தாரணி அப்பாதானுங்களே?"

"உக்கார வரலீங்க. எம் புள்ளை என்ன சர்க்கஸ்ல ஆடவா உங்க காலேஜுக்கு வந்துச்சு?"

அந்த மனுஷன் கோபப்படவில்லை. தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. டிவியில் செய்திக்குக் கீழே எழுத்து ஓடுகிற மாதிரி பாடத்துக்குக் கீழே எழுத்து போடுங்கள், எம் பிள்ளை கௌரவமாக உட்கார்ந்து படித்துக்கொள்ளட்டும், அந்தம்மா ஆட்டம் வேண்டாம் என்றேன்.

"கேப்ஷன் வேணும்தாங்க. நானே ரொம்ப நாளா நிர்வாகத்துகிட்டக் கேட்டுட்டு இருக்கறேன். ஆனா ரெண்டும் வேணும். அது ஒரு உதவி, இது வேற உதவி."

ரெண்டும் வேண்டும் என்றார். இங்கேதான் தம்பி, படித்தவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம். சந்தையில் ரெண்டும் வேண்டும் என்று நிற்கிறவன் வெறுங்கையோடுதான் போவான். ஒன்றை வாங்க வேண்டும் என்றால் அந்த இடத்திலேயே ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். மாடு வாங்கினவனுக்குப் போனால் அதைக் கட்டின கயிறு மாட்டை விற்றவனுக்கே, அப்படித்தான் பேரம் படியும். நாங்கள் வாயால்கூட விலை பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிப்போம். எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம், அதுதான் விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தாரணி குட்டியாக இருக்கும்போது என்னோடு சந்தைக்கு வந்து துண்டுக்குள் கையை விட்டு விளையாடுவாள். ஒன்று, ரெண்டு எல்லாம் அவள் கற்றது அங்கேதான். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தில் கையை உபயோகித்தால் வாய் வராது என்றார்கள், நிறுத்திவிட்டேன். அது கிடக்கட்டும்.

அந்த ஆளிடம் சொன்னேன். "எழுத்தைக் கொடுங்க. அந்தம்மாவை நீங்களே வெச்சுக்கங்க. உங்க நிர்வாகத்துகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க, ஒத்துக்கறாங்களா இல்லையான்னு. இல்லீன்னா நாளைக்குப் பேப்பர்க்காரனோட வர்றேன்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. சந்தையாக இருந்தால் அந்த முகத்தைப் பார்த்தே சுதாரித்திருப்பேன். விற்கிறவன் முகம் அப்படி இருந்தால் மாட்டில் ஏதோ கோளாறு. அன்றைக்கு எனக்கு ஜெயித்த மப்பு.

"உடனே ஒத்துக்கிட்டாங்க, ஒரு சம்பளம் மிச்சம்னு" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "தாரணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மாட்டைக் கேட்டா சாமி வெலை பேசறாங்க?"

அப்படிச் சொன்னேன். பேச்சு வேகத்தில் வருவதுதானே. எங்கள் தொழிலில் சகஜமாகச் சொல்கிற வார்த்தை. நீங்கள் ஏன் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? அந்த ஆளும் இப்படித்தான் திரும்பினார். திரும்பினாரே ஒழிய ஒரு வார்த்தை திட்டவில்லை. கை கொடுத்தார். முடிந்துவிட்டது பேரம்.

அந்த ஜெனிட்டா சும்மா போகவில்லை. வாசலில் பிடித்துக்கொண்டார். "நீங்க மாட்டு யாவாரிதானே? துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சா தொழிலு, நாங்க வெளிய வச்சுப் பேசினா சர்க்கஸாக்கும்?" என்றார். அது வேற, இது வேற என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறதானே? நீங்கள் சொல்லுங்கள். சரி, சொல்ல வேண்டாம்.

யோவ் கண்டக்டர், அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுய்யா டிரைவரை! காத்து எகிறி அடிக்குது. பேசறது கேக்க மாட்டேங்குது.

எழுத்து வந்தது. வகுப்பைப் படம் பிடித்துப் போட்டார்கள், கீழே எழுத்து ஓடியது. தாரணி செல்போனில் அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. சந்தையில் எல்லாரிடமும் சொன்னேன், எம் பிள்ளைக்காகக் காலேஜே எழுத்து போடுது என்று. வெத்தலை பாக்கு வைக்காத குறை.

தாரணி ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் சொன்னதை அவங்க அம்மா தங்கமணிதான் சமையற்கட்டில் வைத்து என்னிடம் சொல்வாள். தங்கமணி ஜெனிட்டாவிடம் வீடியோ காலிலேயே கைப்பேச்சு கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியாமல்.

"எழுத்து சரியாத்தான் ஓடுதுங்களாம். வாத்தியார் போர்டைக் காட்டி, இதை இங்க கொண்டாந்து இதுல கழிங்கறார். கீழயும் அப்படியே வருது, இதை இங்க கொண்டாந்து இதுல கழி. எதை, எங்கன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? படத்துல வாத்தியார் முதுகுதான் தெரியுதாமா."

"நிறுத்தி நிறுத்திப் பாக்கச் சொல்லு."

"படம் வர்றதே வகுப்பு முடிஞ்ச அப்புறந்தானுங்க. வகுப்புல சும்மா உக்காந்து எல்லார் வாயையும் பாத்துட்டு வர்றா. சந்தேகம் வந்தா யாரைக் கேக்கறது? எழுத்துகிட்டப் போயி கேள்வி கேக்க முடியுமா?"

"பழகிக்குவா, போ."

பழகவில்லை. அந்தக் கணக்கு வாத்தியாரை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னங்க, எப்படிப் படிக்கிறாள் என்றேன். "இப்பெல்லாம் பாடம் சீக்கிரம் முடிஞ்சுடுதுங்க" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்.

பரீட்சையில் பாதிக்குப் பாதி பாடம் போய்விட்டது. லீவுக்கு வந்தவள் என்னிடம் செல்போனை நீட்டினாள். தங்கமணி வாசித்துச் சொன்னாள். 'அப்பா, காலேஜ்ல ஜெனிட்டா மேடத்தைக் காரணமே சொல்லாம நிறுத்திட்டாங்க. எங்களை ஏமாத்தறாங்க. நான் எழுதிக் குடுத்துப் பாத்துட்டேன், யாரும் பதில் சொல்லல. நீங்க பேசினா கேப்பாங்க. உங்களை யாரும் ஜெயிக்க முடியாது. என்கூட வாங்கப்பா.'

நான் என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள் தம்பி, என்ன செய்ய முடியும்? போனேன். இதே மாதிரி ஒரு பஸ். என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். ஊரையெல்லாம் பேசி மடக்குகிற அப்பன் கூட வருகிறான் என்று அவ்வளவு தைரியம். வழியெல்லாம் நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்றால், அந்த ஆள் லீவில் இருக்கட்டும் என்று.

லீவில் இல்லை. அறையில்தான் இருந்தார். லோகித் பயலும் வந்திருந்தான். இவள் கையால் பேச, அவன் தனக்குத் தெரிந்த வரைக்கும் வாயால் சொன்னான். நன்றாகவே சொன்னான், பொய் சொல்லக் கூடாது.

"ஜெனிட்டா மேடத்தை யார் கேட்டு எடுத்தீங்கன்னு கேக்கறா சார்."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எங்க சம்மதம் கேட்டீங்களான்னு கேக்கறா சார். யாரோ ஒருத்தர் சொல்லியிருக்கணும், யாருன்னு கேக்கறா."

அப்போது சொல்லியிருக்கலாம் அல்லவா? 'இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவர்தான்' என்று ஒரே வார்த்தை. போட்டு உடைத்திருக்கலாம். நான் கத்தியிருப்பேன், மேஜையைத் தட்டியிருப்பேன், எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "அது நிர்வாக முடிவும்மா." என்னைக் காப்பாற்றுகிறாராம்! யார் கேட்டார்கள் அவரை? 

காது கேட்காத பிள்ளை தம்பி. அவளுக்குக் காதும் கண்தான். அவள் அந்த ஆள் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவர் முகம். காலண்டரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று. அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு விரலை நீட்டினாள். புருவத்தைத் தூக்கினாள். அதற்கு லோகித் தேவைப்படவில்லை. நீங்களா?

"இல்லை" என்றேன்.

நான் பேசியது எதுவும் புரிந்ததில்லை அவளுக்கு, இத்தனை வருஷமாக. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை மீசையையும் தாண்டிப் புரிந்துவிட்டது. பொய் என்பதும் புரிந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

உங்களுக்கு அது என்னவென்று தெரியாது. நீங்கள் கண்ணை மூடினால் நான் கத்திக் கூப்பிடுவேன், நீங்கள் திறப்பீர்கள். அவள் மூடினால் மூடியதுதான். நீங்கள் மலை மாதிரி முன்னால் நின்றாலும் இல்லாதவர்தான். தோளைத் தொட்டேன், தட்டிவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

அன்றையிலிருந்து இப்படித்தான். நான் வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால்கூட. படிப்பு வேண்டாமாம். திங்கட்கிழமையிலிருந்து திருப்பூரில் பனியன் மடிக்கிற வேலைக்குப் போகிறாளாம், கம்பெனி வேனில் பேர் கொடுத்துவிட்டாள். கேள்வி மேல் கேள்வி கேட்கிற பிள்ளை தம்பி. பனியனிடம் என்ன கேள்வி கேட்கும்? திங்கட்கிழமை வேன் ஏறிவிட்டால் அவ்வளவுதான், எனக்கு அவளைத் தெரியும். என் பிள்ளை அல்லவா, இறங்கமாட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த ஆளுக்குப் போன் போட்டேன். ஜெனிட்டாவைத் திரும்பக் கூப்பிட நிர்வாகத்திடம் சண்டை போடுகிறேன், தாரணி வருகிறாள் என்றால் எனக்கும் பேச வாய் இருக்கும் என்றார். ஜெனிட்டா இப்போது திருச்சியில். அவருக்கும் போட்டேன். நான், நாச்சிமுத்து, போன் போட்டுக் கெஞ்சினேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"வர்றேன். தாரணி படிக்க வந்தா நான் நாளைக்கே வர்றேன்" என்றார். "ஆனா அவ வரணும்னா நீங்க உண்மையைச் சொல்லணும்."

"சொல்றேனுங்க. நீங்க வீடியோ கால்ல வாங்க, நான் சொல்லச் சொல்ல நீங்க கையில அவளுக்குச் சொல்லிடுங்க. உங்க வேலைதானுங்களே அது."

அந்தம்மா நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். அப்புறம் சொன்னார். "என் வேலைதான். யார் வார்த்தையா இருந்தாலும் தூக்கிட்டுப் போயிக் குடுப்பேன். இதை மட்டும் தூக்க மாட்டேன். உங்க கையாலயே சொல்லுங்க." வைத்துவிட்டார்.

பார்த்தீர்களா திமிரை?

ராத்திரி தங்கமணி கேட்டாள், சொல்லித் தரட்டுமா என்று. எனக்கு எதற்கு என்றேன். பிறகு கேட்டு வைத்துக்கொண்டேன், அந்த ஆளுக்குச் சொல்லித் தர வேண்டுமே, அதற்காக. அவருக்கும் கைப்பேச்சு அரைகுறைதான். ஒன்றும் கஷ்டமில்லை. பாருங்கள், முதலில் விரலை நெஞ்சில் வைக்க வேண்டும். இப்படி. அப்புறம் கையை இப்படித் திருப்பினால் தப்பு. அப்புறம் இது... இது மன்னிச்சுக்கோ. கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன், நன்றாகத்தான் வருகிறது. கடைசியில் மட்டும் கை பாதியில் நின்றுவிடுகிறது, அது வயசு. அவள் எப்போதாவது கண்ணைத் திறந்துதானே ஆக வேண்டும்? தண்ணீர் குடிக்க, கதவைத் திறக்க. அந்த நேரம் பார்த்து முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நிற்கிறவனுக்குத் தைரியம் வேண்டும்.

அதை யார் செய்ய வேண்டும்? அந்த ஆள் செய்ய வேண்டும். சந்தை நியாயம் என்று ஒன்று இருக்கிறது தம்பி. எந்தக் கை பேரத்தை முடித்ததோ அந்தக் கைதான் முறிக்கப் போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. சாக்குச் சொல்லக் கூடாது. இன்றைக்குப் போய் சட்டையைப் பிடித்துக் கேட்கப் போகிறேன். யாரைக் கேட்டய்யா கொடுத்தாய்? அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டாயா? அது வாயில்லாத ஜீவன் என்று நினைத்தாயா? அவள் எதிரில் பொய் சொன்னாயே, தூக்கம் வருகிறதா உனக்கு?

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அந்த ஆளைத்தான் சொல்கிறேன்.

வரட்டும். திங்கட்கிழமை வேன் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வரட்டும். அவள் கண்ணைத் திறக்கிற வரைக்கும், எத்தனை நேரமானாலும், அவள் எதிரில் நிற்கட்டும். நெஞ்சில் விரலை வைக்கட்டும். நான்தான் என்று சொல்லட்டும். செய்தவன் வந்து சரி பண்ணட்டும்.